சுவரில் ஒட்டிய சார்ட்டை எடுத்துவிட்டு ஆளுக்கேற்ற பயிற்சியை எழுதுவது எப்படி?

தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருப்பது இது. வேளச்சேரியில் ஒரு ஜிம்மில் டிரெய்னராகச் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. அங்கே சுவரில் ஒரு சார்ட்: திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஆறு நாளுக்கு. யார் வந்தாலும் அதுதான். இப்போது அவர் கையில் மூன்று பேர் இருக்கிறார்கள். பெருங்குடியில் ஐடி வேலை பார்க்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடும் 38 வயதுக்காரர். மயிலாப்பூரிலிருந்து மகளோடு வரும் 63 வயது அம்மா, இரண்டு முட்டியிலும் வலி. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் 21 வயது வியாசர்பாடிப் பையன். "மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று புரிகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை" என்கிறார்.

19 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அந்தச் சார்ட்டைத்தான் கொடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தனித்தனி என்றவுடன் ஆளுக்கொரு புது உடற்பயிற்சியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மனித உடம்பு செய்யும் பலமான அசைவுகள் ஐந்தாறுதான். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, படி ஏறுவது, சுமந்து நடப்பது. மயிலாப்பூர் அம்மாவுக்கும் இவைதான், வியாசர்பாடிப் பையனுக்கும் இவைதான். ஆளுக்கு ஆள் மாறுவது மூன்று: எந்தப் படியில் நிற்க வைத்துத் தொடங்குகிறோம், வாரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம், அடுத்த படிக்கு எப்போது ஏற்றுகிறோம். உட்கார்ந்து எழுவதையே பாருங்கள். உயரமான நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து எழுவது ஒரு படி. கையை விட்டு எழுவது அடுத்தது. அப்புறம் நம் தாத்தா காலத்து பஸ்கி, டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட், கடைசியில் தோளில் பார், அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பி. ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று சரியாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைப் பார்க்க முதல் நாள் எடையைத் தொடவே வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், நாலு பேர் கேட்கும்படி கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு வலிக்கிறதா? தலைசுற்றி விழுந்ததுண்டா? என்னென்ன மாத்திரை? அவற்றின் அட்டையையே கொண்டு வரச் சொல்லுங்கள், பெயர் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. ஆபரேஷன், பழைய அடி, பெண்களானால் பிரசவம். நெஞ்சு வலி, மயக்கம் என்று ஒரு வார்த்தை வந்தால்கூட மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பயிற்சி இல்லை. இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

அடுத்த கேள்வி அவர்களுடைய ஒரு நாளைப் பற்றி. எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணி நேரம் உட்காருகிறார், வேலையில் எதைத் தூக்குகிறார், என்ன சாப்பிடுகிறார். வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஆறு என்பார்கள். "போன மாதம் எத்தனை நாள் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து எழுதுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. நான் வேலை பார்த்த முதல் ஜிம்மில், கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்தார். நல்ல கட்டான உடம்பு. பார்த்தவுடன் ஐந்து நாள் கனமான சார்ட் எழுதிக் கொடுத்தேன், டெட்லிஃப்ட் (குனிந்து தரையிலிருந்து எடையைத் தூக்குவது) வாரம் இரண்டு முறை. நடு ராத்திரியிலிருந்து காலைவரை அவர் முதுகு ஏற்கெனவே வேலை செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கு நாலு நாள் கூலி போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றுவரை உறுத்துகிறது. அவருக்குத் தேவைப்பட்டது வாரம் இரண்டு நாள், இழுக்கும் வேலை கொஞ்சம், வேலையில் வராத தள்ளும் வேலை கொஞ்சம், நிறையத் தூக்கம். உடம்புக்கு ஜிம் சுமை வேறு, வேலைச் சுமை வேறு என்று தெரியாது. எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும்.

இனி உங்கள் மூன்று பேருக்கு வருகிறேன். அந்த அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைத்தான் பெரும்பாலான ஜிம்கள் சைக்கிளில் ஏற்றி இருபது நிமிடம் மிதிக்க விட்டு அனுப்பிவிடுகின்றன. அது அநியாயம். பலப் பயிற்சி யாருக்கு மிக அவசரம் என்று கேட்டால் அவருக்குத்தான் என்பேன். வயது ஏற ஏற தசை கரைகிறது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் 10 பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில் முடியுமென்றால் 63 வயது சின்ன வயது.

முதலில் முப்பது நொடிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவரை ஒட்டி, இருக்கை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் கால் பலம் சராசரியை விடக் குறைவு. முட்டி வலியோடு வருபவர்கள் பெரும்பாலும் ஆறிலோ ஏழிலோ நிற்பார்கள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். "எடை குறையணும்" என்று முதலில் சொல்வார், அது மகள் சொல்லிக் கொடுத்தது. கொஞ்சம் பொறுங்கள். தரையில் உட்கார்ந்து பூஜை செய்துவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும் என்பார். பஸ் படி ஏற வேண்டும் என்பார். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தே திரும்ப வேண்டும் என்பார். இப்போது உங்களுக்கு ஒரு இலக்கு கிடைத்துவிட்டது. தரையிலிருந்து எழுவதுதான் இலக்கு என்றால் பாதை தெளிவு. நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்தி எழச் சொல்லுங்கள், 8 முறை, இரண்டு செட் (எட்டும் சேர்ந்தது ஒரு செட்). இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக. இரண்டு செட்டும் 12 தொட்டதும் தலையணையை எடுங்கள். பிறகு முக்காலி, பிறகு மணை. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம், ஆகட்டும்.

இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்டை இழுப்பது, ஒரு செங்கல் உயரப் படியில் ஏறி இறங்குவது, குதிகால் தூக்குவது, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. கடைசியில் இரண்டு கையிலும் காய்கறிப் பை போல 3 கிலோ டம்பெல் பிடித்து நடை. வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி.

வலியைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வலியில் நின்றுவிடுவார். பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒரு செட்டைக் குறையுங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள். முட்டித் தேய்மானத்துக்கு முதல் மருந்தாகவே உலகம் முழுவதும் உடற்பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ அது வேறு, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்தப் படிகள் முடிந்த பிறகு அவருக்குக் கனமும் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், ஐந்து ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) வீதம் ஐந்து செட் கனமான டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும் எட்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி கூடியது. ஆனால் லேசாகத் தொடங்கி, பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று செய்தது அது. நீங்கள் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கையில் பார் இருக்கக் கூடாது.

பெருங்குடிக்காரருக்கு அசைவுகள் எளிது, வாழ்க்கைதான் கடினம். ராத்திரி 11 வரை ஆபீஸ் போன் கால், தூக்கம் ஐந்தரை மணி நேரம், ஒன்பது மணி நேரம் நாற்காலி. இவருக்கு ஆறு நாள் சார்ட் கொடுத்தால் ஒரு திங்கள் தவறினால் அந்த வாரம் மார்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு வாரம் தவறினால் ஆளே வர மாட்டார். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு, 40 நிமிடம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட், உட்கார்ந்து இழுக்கும் கேபிள், தண்டால் அல்லது டம்பெல் பிரஸ், டம்பெல் பிடித்து இடுப்பை மடக்கும் டெட்லிஃப்ட், சுமந்து நடப்பது. ஒவ்வொன்றும் மூன்று செட். வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலப் பயிற்சி வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும். மூன்றாவது நாள் வந்தால் லாபம், வராவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பிரஷருக்காகச் சில விஷயங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கும்போது ரத்த அழுத்தம் அந்தச் சில நொடிகளில் மிக உயரம் போகும். அதனால் தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். எந்தச் செட்டையும் முடியாத அளவுக்குக் கொண்டு போகாமல், இன்னும் இரண்டு மூன்று ரெப் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். படுத்துச் செய்தபின் சட்டென்று எழ விடாதீர்கள், சில மாத்திரைகளுக்குத் தலை சுற்றும். வேறு சில மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் அவர் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஜிம்மில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். 180/110-க்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவரிடம் போகட்டும்.

பையனுக்கு நேர்மாறு. ஆசை நிறைய, உடம்பு 58 கிலோ, சாயந்திரம் முழுக்க உணவு டெலிவரி வண்டி. அவனிடம் ஜிம் போஸ்டரைப் பற்றிப் பேசாதீர்கள், தேர்வு என்ன கேட்கிறது என்று பாருங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். மார்புக்கென்று ஒரு முழு நாள் இதில் எங்கே வருகிறது? கயிற்றுக்கு வேண்டியது பிடிமானமும் தன் எடையை இழுக்கும் பலமும். கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குவது, புல் அப் (தொங்கியபடி உடம்பை மேலே இழுப்பது), ஒரு புல் அப் கூட வரவில்லை என்றால் மேலே ஏறி நின்று ஐந்து எண்ணி மெதுவாக இறங்குவது. தாண்டுவதற்கு ஸ்குவாட்டும், ஓய்வான காலோடு செய்யும் சில தாவல்களும். இதை வாரம் மூன்று நாள், ஓட்டம் மூன்று நாள். கனமான கால் பயிற்சிக்கு மறுநாள் வேக ஓட்டம் வைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் செட்களைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி வாரத்தில் பலம் ஏறாது, களைப்புதான் ஏறும்.

அவன் பவுடர் வாங்கலாமா என்று கேட்பான். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பயிற்சி செய்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம், அவனுக்குச் சுமார் 93 கிராம். நாலு முட்டை 24, அரை லிட்டர் பால் 16, 100 கிராம் மீன் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, சோறு, இட்லி, சாம்பாரில் சேர்ந்து வருவது 20. வந்துவிட்டது. பவுடருக்குப் போகும் காசில் நல்ல ஓட்டச் ஷூ வாங்கச் சொல்லுங்கள்.

எடையை எப்போது ஏற்றுவது என்பதுதான் புதிய டிரெய்னர்கள் அதிகம் தடுமாறும் இடம். இந்தச் சங்கதியை முறைப்படுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காலில் அடிபட்ட வீரர்களுக்கு லேசான அசைவுகளுக்குப் பதில் படிப்படியாக எடை ஏற்றிக் கொடுத்து, 1945-இல் அதை எழுதினார். நாம் இன்றும் போடும் பத்து ரெப் மூன்று செட் கணக்கு அவர் வழியில் பரவியதுதான். முதல் செட் பாதி எடை, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. ஜிம்முக்குப் புதியவர்களுக்கு இன்றும் இது அருமையான வார்ம் அப் ஏற்பாடு.

நான் பின்பற்றுவது இப்படி. 8 முதல் 12 ரெப் என்று ஒரு எல்லை வைப்பேன். மூன்று செட்டும் 12 வந்து, முடிவில் இன்னும் இரண்டு ரெப் மிச்சம் இருக்கிறது என்று அவரே சொன்னால் எடை ஏறும். ரெப் மறுபடி எட்டு ஒன்பதுக்கு இறங்கும், அங்கிருந்து மேலே வருவார். ஏற்றம் எவ்வளவு என்பதில்தான் தனித்தன்மை இருக்கிறது. வெறும் 20 கிலோ பாரில் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு பாரை மேலே தள்ளுவது) செய்யும் ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டரை கிலோ பிளேட் மாட்டினால் 25 கிலோ. அது கால் பங்கு கூடுதல். 80 கிலோ தூக்குபவருக்கு அதே ஐந்து கிலோ பதினாறில் ஒரு பங்கு. முதலாமவர் அந்த இடத்தில் மாதக் கணக்கில் தேங்கி, தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்க ஓனரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கணுக்காலில் கட்டும் அரை கிலோ மணல் பையைப் பாரில் சுற்றுங்கள். அப்புறம், உங்கள் ஜிம் பார்களைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். 20 கிலோ என்று நாம் நினைக்கும் பார் 12, 15 என்று காட்டுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அளவு தெரியாமல் எழுதும் நோட்டு உதவாது.

ஒரு ரெப் அதிகபட்சத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் புதியவர்களுக்கு வேண்டாம். 40 கிலோவை எட்டு முறை தூக்குகிறார் என்றால் எட்டை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 40-ஆல் பெருக்குங்கள். சுமார் 50 கிலோ என்று வரும். திட்டம் எழுத அது போதும்.

நாளை வேறு ஆட்களும் வருவார்கள். சர்க்கரை இருப்பவர் வந்தால் பலப் பயிற்சி அவருக்கு மருந்து மாதிரி, வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனால் இன்சுலின் போடுபவரோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவரோ வெறும் வயிற்றில் வரக் கூடாது. தொடங்கும்முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் பயிற்சி. உங்கள் மேஜையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். கண்ணில் ரத்தக் குழாய் பாதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் மூச்சடக்கித் தூக்கும் கனம் கூடாது. வெறுங்காலில் பயிற்சி வேண்டாம், காலில் புண் வந்தாலும் அவருக்கு உணர்வு தெரியாமல் போகலாம். பிரசவம் ஆனவர் வந்தால் மருத்துவர் அனுமதிக்குப் பின், மூச்சும் இடுப்படித் தசையும் சேர்ந்து இயங்கும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். தூக்கும்போது சிறுநீர் கசிகிறது, அடியில் பாரமாக இருக்கிறது என்றால் எடையைக் குறைத்துப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். இதைப் பெண்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், பெண் டிரெய்னர் ஒருவரை வைத்துக் கேட்பது நல்லது.

நம் ஊர் வெயிலையும் திட்டத்தில் எழுதுங்கள். ஏசி இல்லாத ஜிம்மில் மே மாதம் அதே செட்களை எதிர்பார்க்க முடியாது. உடம்பு வெக்கைக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது நான் ஒரு செட்டைக் குறைத்து, ஓய்வை நீட்டி, உப்புப் போட்ட மோர் குடிக்கச் சொல்வேன்.

கடைசியாக, ஓனர் முதல் நாளே சார்ட் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுங்கள், ஆனால் இரண்டு வாரம் மட்டும் நிரப்பிக் கொடுங்கள். மீதி காலியாக இருக்கட்டும். ஆளுக்கொரு 40 பக்க நோட்டு போட்டு, ஒவ்வொரு முறையும் எடை, ரெப், மிச்சம் எத்தனை, நேற்றைய தூக்கம், வலி இவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தை அந்த நோட்டைப் பார்த்து நிரப்புங்கள். இரண்டு முறை தொடர்ந்து ரெப் இறங்கியிருந்தால் முதலில் தூக்கப் பத்தியைப் பாருங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை முதல் நாள் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள்.

அந்த அம்மாவுக்கு முப்பது நொடிச் சோதனையை இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த வகுப்பில் எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையோடு, எந்த நாற்காலி, இருக்கை எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதையும் டேப் வைத்து அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். நாலு வாரம் கழித்து அதே நாற்காலியில்தான் அவரை உட்கார வைக்க வேண்டும்.